நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நடமாட்டம்: எங்கே பிழை நடக்கிறது?

வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. அதில் ஒன்றை வெட்டியெடுத்தாலோ, கதிர்வீச்சில் ஒரு பகுதி தழும்பேறினாலோ மூச்சு முன்போல் வராது. அப்போது வீட்டார் அன்பினால் செய்வதுதான் ஆகப் பெரிய பிழை: "அம்மா, நீங்கள் எழும்ப வேண்டாம், இருங்கோ" என்று எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுப்பது. அசையாத தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசையோடு நடந்தால் கொஞ்சத் தூரத்திலேயே மூச்சு வாங்கும். பிறகு குளியலறைக்குப் போய்வரவே களைக்கும். வெட்டிய மடல் பயிற்சியால் வளராது. ஆனால் தசை தேறினால், இருக்கிற மூச்சு கூடிய தூரத்துக்குப் போதும்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. சுகமாக இருக்கும் ஒரு நாளில் கொழும்புக் காலிமுகத்திடலை முழுவதும் நடந்துவிட்டு, அடுத்த சில நாள் படுத்துவிடுவது. வைத்தியர் நடக்கலாம் என்ற பிறகு, சமதரையில் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். சில நாளுக்கொருமுறை ஓரிரு நிமிடம் கூட்டி, 20 முதல் 30 நிமிடம் வரை போகலாம். நடக்கும்போது சின்ன வசனம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். கொழும்பின் புழுக்கத்தில் காலை 7 மணிக்கு முன் நடப்பது நல்லது. காலி வீதியின் வாகனப் புகையை விட்டு விலகி நடவுங்கள்.

வெள்ளவத்தை மாடி வீடுகளில் லிஃப்ட் நின்றால் பலரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவசரமாக ஏறுகிறார்கள். மூச்சை அடக்கினால் களைப்பு கூடும். கைப்பிடியைப் பிடித்து, நின்று மூக்கால் இழுத்து, வாயால் ஊதிக்கொண்டே ஓரிரு படி ஏறுங்கள். அரிசிப் பையைத் தூக்குவதும் இப்படித்தான், ஊதும்போது தூக்க வேண்டும்.

மூச்சு வாங்கினால் மல்லாந்து படுக்க வேண்டாம். முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, சுடுதேநீரை ஆற்றுவதுபோல் உதடு குவித்து நாலு எண்ணி விடுங்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு வைத்தியசாலையில் தரும் மூன்று பந்துக் கருவியை ஊதுகிறவர்கள் ஏராளம். அது ஊதுவதற்கல்ல. முதலில் மூச்சை வெளியே விட்டு, குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளிழுக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி நகப்பூச்சிலும் குளிர்ந்த விரலிலும் பிழையாகக் காட்டலாம். அது எந்த எண்ணுக்கு இறங்கினால் நடையை நிறுத்த வேண்டும் என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், காய்ச்சல், புதிதாக மூச்சு வாங்குதல் வந்தால், தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். அது கதிர்வீச்சால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தந்த பிரிவுக்கே போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் என்றால், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சும் முட்டினால், உடனே 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.