புதுத் தோலை 20 வருஷப் பழசாக்குறது எப்படி: ஒரு வாள் பெல்ட்டும் ஒரு தோல்பையும்

சரித்திர நாடகத்துக்குத் தோல் சாமான் செஞ்சு பாத்தவங்களுக்கு இது தெரியும். வெட்டித் தைக்கிறது கூட எப்படியோ முடிஞ்சுடும், ஆனா மேடையில லைட் விழுந்ததும் பெல்ட் நேத்து கடையில வாங்குன மாதிரி பளபளன்னு நிக்கும். 20 வருஷமா குதிரை மேலயே கிடந்த ஆளுன்னு வசனம் சொல்றாங்க, இடுப்பப் பாத்தா பேங்க் வேலைக்குப் போறவர் பெல்ட்டு. சரி பழசாக்கலாம்னு உக்காந்தா எல்லாரும் முதல்ல செய்யுறது உப்புத்தாளை எடுத்து மேல கீழ ஒரே சீரா தேய்க்கிறதுதான். அப்படித் தேய்ச்சா பழசா தெரியாது, தேய்ச்ச மாதிரிதான் தெரியும்.

உப்புத்தாளுக்கு முன்னாடி, கையில இருக்குறது என்ன தோல்னு பாருங்க. ரெக்சின்னா விட்டுடுங்க, அது பழசாகாது, தோல் உரிஞ்சு அடியில இருக்குற துணி பல்லிளிக்கும், அவ்ளோதான். நிஜத் தோல்ல நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி செடி மரச் சாறுல பதப்படுத்துனது, இதைத்தான் பட்டைத் தோல்னு சொல்றேன், திண்டுக்கல் ஈரோடு திருச்சி பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்னு பேர் வாங்குனது இந்த வகைதான். இன்னொண்ணு குரோம் உப்புல பதப்படுத்துனது, ஷூ மேல்பாகத்துக்குப் போற தோல் பெரும்பாலும் இதுதான். ஓரத்தை பிளேடால லேசா சீவுங்க, நடுவுல நீலம் கலந்த சாம்பல் கலர் தெரிஞ்சா குரோம். சாயம் உள்ள வரைக்கும் ஊறியிருந்தா இது ஏமாத்தும், அப்போ ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, பூச்சு இல்லாத பட்டைத் தோல் சட்டுனு குடிச்சு கருத்துப் போகும். எரிச்சுப் பாத்துக் கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம், குரோம் தோல் புகை உடம்புக்கு ஆகாது. நான் சென்னை பெரியமேடு கடைகள்ல சாயம் ஏத்தாத பட்டைத் தோல்னு கேட்டு வாங்குவேன், பழசாக்குறதுக்கு அது மாதிரி வராது.

அப்புறம் ஒரு அரை மணி நேரம் தோலைத் தொடாம, இதை யார் வச்சிருந்தான்னு யோசிங்க. வலது கைக்காரன் வாளை இடது பக்கம் தொங்கவிடுவான், அதனால பெல்ட்டுல இடது பக்கம்தான் இழுபட்டு தொங்கிப் போயிருக்கும், வாள் கைப்பிடி உரசுற இடம் மட்டும் தேஞ்சிருக்கும். பெல்ட் ஓட்டை 5 இருந்தா அஞ்சும் ஒரே மாதிரி தேயாது, அவன் தினமும் மாட்டுற ஒரே ஒரு ஓட்டை நீட்டமா இழுபட்டு, பக்கத்துல பக்கிள் மடிப்பு கோடு விழுந்திருக்கும், மத்ததெல்லாம் புதுசாவே இருக்கும். நான் ஒரு தடவை பக்கிள் கோட்டை ரெண்டு ஓட்டையில போட்டேன், முன்னாடி குண்டா இருந்து பஞ்சத்துல இளைச்சவன்னு எனக்கு நானே ஒரு கதை. ஆடியன்ஸ்ல ஒருத்தர் கூட கவனிக்கல, நடிகர் கவனிச்சாரு, அது போதும். பையா இருந்தா மூடியத் தூக்குற நுனி கை பட்டு கருத்து வழவழன்னு ஆகும், கீழ் மூலை ரெண்டும் வெளுத்து மழுங்கும், முதுகுப் பக்கம் உடம்புல உரசி பாலிஷ் ஏறும், தோள் வார் வேர்வையில கருக்கும். இந்த இடத்தையெல்லாம் சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க. மீதியத் தொடவே வேண்டாம்.

கடையில வாங்குன தோல்ல பெரும்பாலும் மேல ஒரு பூச்சு இருக்கும், அது போகாம கலர் ஏறாது. நெயில் பாலிஷ் ரிமூவர்ல அசிட்டோன் இருக்குறதா பாத்து வாங்கி, பஞ்சுல தொட்டு குறிச்ச இடத்துல மட்டும் துடைங்க. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

அடுத்தது நனைச்சுக் கசக்குறது. சாதா பச்சைத் தண்ணியில 10 நிமிஷம் ஊறவிட்டு, பட்டைத் தோல்னா ஈரத்துணி முறுக்குற மாதிரி முறுக்கி, கயிறு போட்டுக் கட்டி நிழல்ல ஒரு நாள் காயவிடுங்க, பிரிச்சா மடிப்பு அப்படியே நிக்கும். வாள் பெல்ட்டை ஈரமா இருக்கும்போதே ரெண்டு கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டா இழுபட்ட வளைவு தானா வந்துடும். மொத்தமா அடிபட்ட மாதிரி வேணும்னா பழைய தலையணை உறையில கூழாங்கல்லோட போட்டு உருட்டுங்க. வாஷிங் மெஷின்ல போடாதீங்க, காரணம் சொல்லணுமா என்ன. வெந்நி மட்டும் கூடவே கூடாது. வெந்நின்னா சீக்கிரம் இளகும்னு நெனச்சு கொதிக்கிற தண்ணியில ஒரு பெல்ட்டை முக்கினேன், கண்ணு முன்னாடியே அப்பளம் பொரியுற மாதிரி சுருண்டு கட்டையாப் போச்சு, ஒரு வாரம் தச்ச வேலை காலி. பட்டைத் தோல் ஈரத்தோட சூடு பட்டா நார் சுருங்கிடும், திரும்ப வராது. அந்தக் காலத்து ஐரோப்பாவுல தோல் கவசத்தைக் கிட்டத்தட்ட இப்படி சூடு பண்ணித்தான் கெட்டியாக்குனாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, தெரிஞ்சு என்ன பண்ண.

காஞ்சப்புறம்தான் உப்புத்தாள். 120 நம்பர்ல ஆரம்பிச்சு 220ல முடிங்க, மூக்குல மாஸ்க் கட்டிக்கிட்டு, குறிச்ச இடத்துல மட்டும், விளிம்புல அதிகமா உள்ள போகப் போக கம்மியா. குரோம் தோல்னா உள்ள இருக்குற சாம்பல் நீலம் எட்டிப் பாக்கும், பயப்படாதீங்க, பிரவுன் பாலிஷ் அதை மூடிடும். கத்திக் கீறல் வேணும்னா மூணோ நாலோ போதும், கீறுனதும் அதோட உதட்டை விரலால தேய்ச்சு மழுக்கணும், இல்லன்னா இன்னிக்குக் கீறுனதுன்னு கத்தும்.

இனிமே கலர், எனக்குப் பிடிச்ச இடம். துருப்பிடிச்ச ஆணி ஒரு கைப்பிடி எடுத்து கண்ணாடி பாட்டில்ல போட்டு வினிகர் ஊத்தி ஒரு வாரம் விடுங்க. மூடிய இறுக்காதீங்க, கேஸ் வரும். பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் ஸ்க்ரப்பர் இதுக்கு ஆகாது, துருப்பிடிக்காத இரும்பு வினிகர்ல அப்படியே கிடக்கும். வாரம் கழிச்சு துணியில வடிகட்டுனா கிடைக்கிற தண்ணி கருப்பா கூட இருக்காது, ஆனா பட்டைத் தோல்ல தொட்டு வச்சதும் சாம்பலாகி, நிமிஷத்துல கருக்க ஆரம்பிக்கும். தோல்ல இருக்குற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேந்து கருப்பாகுது, கடுக்காயும் அன்னபேதிங்கற இரும்பு உப்பும் சேத்து மை காய்ச்சுனாங்களே அதே கணக்குதான். கருப்பு பத்தலன்னா முதல்ல கடுக்காய்த் தூள் கொதிக்க வச்ச தண்ணியோ ஸ்ட்ராங்கான டீ டிகாக்‌ஷனோ ஆறவச்சுத் தடவிட்டு அப்புறம் இதைத் தடவுங்க. வேர்வை பட்ட இடம், கை பட்ட இடம், இரும்பு பக்கிள் ஒட்டுன இடம், இங்க மட்டும் சின்ன பிரஷ்ல, தண்ணி கலந்து கலந்து. நிஜத்துலயும் பக்கிளைச் சுத்தி இப்படித்தான் கருக்கும். முடிஞ்சதும் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் சோடா உப்பு கலந்து துடைச்சு, நல்ல தண்ணியில மறுபடி துடைங்க, இல்லன்னா புளிச்ச வாடையும் போகாது, நாளாக நாளாக தோலும் விட்டுப்போகும். குரோம் தோல்ல இந்த வித்தை பெருசா எடுபடாது, அதுக்குப் பாலிஷ்தான் கதி.

காஞ்சதும் தோல் வறண்டு சத்தம் போடும், விளக்கெண்ணெய் நாலு சொட்டு துணியில தொட்டுத் தேய்ங்க, ஊத்தாதீங்க. மறுநாள் டார்க் பிரவுன் பாலிஷை மடிப்புக்குள்ள பழைய டூத்பிரஷ்ல அழுத்தி, மேடான இடத்தை உடனே துணியால துடைச்சுடுங்க, பள்ளத்துல கருப்பு நிக்கும், மேடு வெளுப்பா தெரியும். உள்பக்கம் பாலிஷ் வேண்டாம், நடிகர் வேட்டியில ஒட்டும், திட்டு நமக்கு.

கடைசிலதான் தூசி. முல்தானி மட்டிய மெல்லிசான துணியில கட்டித் தட்டுங்க, கொஞ்சம் சலிச்ச செம்மண் கலந்தா நம்ம ஊர் ரோட்டுப் புழுதி கலர் வரும், இதுக்கும் மாஸ்க். தையல் ஓரத்துலயும் மூடிக்கு அடியிலயும் தங்கட்டும், கை படுற இடத்துல இருக்கக் கூடாது, அங்க எப்பவும் தூசி நிக்காது. சிமெண்ட் தூள் சுலபமா கிடைக்குதேன்னு எடுக்காதீங்க, வேர்வையோட சேந்தா தோல் வெந்துடும், நடிகர் தோலைச் சொல்றேன்.

எவ்ளோ போகணும்ங்கறது தூரத்தைப் பொறுத்தது. மேடைன்னா 20 அடி தள்ளி நின்னு பாத்து கொஞ்சம் ஓவராவே பண்ணுங்க, லைட் பாதியைத் தின்னுடும். கேமரா குளோசப்னா பாதியிலயே நிறுத்தி போன்ல போட்டோ எடுத்துப் பாருங்க. சண்டை சீனுக்கு ரெண்டாவது பெல்ட் வேணும்னா ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே பாட்டில் தண்ணியில, பக்கத்துல பக்கத்துல வச்சு செய்யுங்க, அடுத்த மாசம் செஞ்சா அந்தக் கலர் வரவே வராது. நாடகம் முடிஞ்சதும் வேர்வை காய ஒரு நாள் தொங்கவிட்டு துணிப்பையில போட்டு வைங்க, பிளாஸ்டிக் கவர்ல கட்டி மழைக்காலத்துல பரண்ல போட்டா பூஞ்சை பிடிச்சு, நம்ம கேக்காமலே அது ஒரு தனிப் பழசு ஆக்கி வச்சிருக்கும்.