வினைல் லைனரில் விழுந்த சுருக்கங்களை நீக்குவது எப்படி?

வினைல் லைனர் என்பது நீச்சல் குளத்தின் தரையையும் சுவரையும் உட்புறமாக மூடும் பிளாஸ்டிக் விரிப்பு. குளத்தின் தரையில் அதில் தெரியும் ஒரு மடிப்பு பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும், அதன் இடுக்கில் அழுக்கும் பாசியும் தங்கும். மடிந்த இடம் நாளடைவில் தேய்ந்து கிழியவும் வாய்ப்பு உண்டு. ஆகவே அதைச் சரிசெய்வது நல்லது. ஆனால் லைனரை இழுக்கத் தொடங்கும் முன், சுருக்கம் ஏன் விழுந்தது என்பதைக் கண்டறிய வேண்டும். காரணம் அப்படியே இருக்கும்போது மடிப்பை மட்டும் நீக்கினால், அது மறுபடியும் விழும்.

முதல் படி: காரணத்தை அறிதல்

குளத்தில் இறங்கி, சுருக்கத்தின் அருகே வெறுங்காலால் மெதுவாக மிதித்துப் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய பையைப் போல அந்த இடம் அமுங்கி, பக்கத்தில் புடைத்தால், லைனருக்கு அடியில் நிலத்தடி நீர் புகுந்திருக்கிறது. கனமழைக்குப் பிறகு இது நேர்வதுண்டு. அப்போது குளத்து நீரை எக்காரணம் கொண்டும் இறைக்காதீர்கள். அந்த நீரின் எடைதான் லைனரைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. குளத்தின் ஓரத்தில் குழி தோண்டி, அதில் ஊறும் நீரைப் பம்ப் வைத்து வெளியேற்றி, நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அடி கெட்டியாக இருந்தும் சுருக்கங்கள் பரவலாகத் தெரிந்தால், நீரின் பிஎச் அளவை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவைச் சோதியுங்கள். அது 7.2 முதல் 7.6 வரை இருப்பது நல்லது. 7-க்குக் கீழே நெடுநாள் இருந்தால் வினைல் நீரை உறிஞ்சி விரிகிறது. விரிந்த பரப்புக்கு இடம் போதாமல் மடிப்பு விழுகிறது. பிஎச்சை உயர்த்தச் சலவைச் சோடா எனப்படும் சோடா ஆஷ் உதவும். குளத்து நீரைக் கிருமிநீக்கம் செய்யப் போடும் ட்ரைகுளோர் எனும் குளோரின் மாத்திரைகள் அமிலத்தன்மை மிக்கவை என்பதால், அவற்றை லைனரின் மேல் நேரடியாகப் போடக் கூடாது. நீரைச் சீராக்குவது புதிய சுருக்கங்களைத் தடுக்குமே தவிர, விழுந்தவற்றைப் பெரும்பாலும் நீக்காது.

இரண்டாம் படி: மடிப்பை நகர்த்துதல்

வெயில் நன்றாக அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த வினைல் விறைப்பாக இருக்கும், இளகாது. கழிப்பறைக்குப் பயன்படுத்தும் ரப்பர் பிளஞ்சர் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதன் விளிம்பில் பிசிறு இல்லை என்பதை விரலால் தடவி உறுதிசெய்யுங்கள். அதை மடிப்பை ஒட்டி, சுவர் இருக்கும் பக்கத்தில் அழுத்தி ஒட்டவைத்து, சுவரை நோக்கி மெதுவாக இழுங்கள். ஒரு தடவைக்கு ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும். பல மடிப்புகள் இருந்தால் சுவருக்கு மிக அருகில் உள்ளதிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. தளர்ந்த பகுதி ஒதுங்குவதற்கு முதலில் இடம் வேண்டும் அல்லவா?

ஒரு மீட்டர் ஆழத்து நீர், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுடன் அழுத்துகிறது. ஆகவே மடிப்பு அசையவில்லை என்றால் அதற்கு உங்கள் கைவலிமை காரணமல்ல. அடியில் நிலத்தடி நீர் இல்லை என்பது உறுதியானால் மட்டும், ஆழம் குறைந்த பகுதியில் சுமார் 5 செ.மீ. நீர் நிற்கும் அளவுக்கு இறைத்துவிட்டு முயலுங்கள். குளத்தை முழுவதும் காலி செய்யாதீர்கள். லைனர் சுருங்கிவிடும், சுவரும் பெயரலாம். வேலை முடிந்ததும் தாமதிக்காமல் நீரை நிரப்புங்கள்.

மூன்றாம் படி: நழுவிய விளிம்பு

லைனரின் மேல் விளிம்பு, அதைச் செருகிப் பிடித்திருக்கும் சுவரின் காடியிலிருந்து (நீளப் பள்ளத்திலிருந்து) வெளியே வந்திருந்தால், சூடான நீரை அதன் மேல் சிறிது சிறிதாக ஊற்றி இளக்கி, இரு கைகளாலும் இழுத்து உள்ளே அழுத்துங்கள். ஹேர் டிரையரும் பயன்படும் என்றாலும், நீருக்கு அருகே மின்கருவியைக் கொண்டுசெல்வதைவிடச் சூடான நீரே பாதுகாப்பானது. விளிம்பு மறுபடியும் நழுவினால், காடிக்குள் செருகும் பிளாஸ்டிக் பட்டியைக் கொண்டு இறுக்கலாம்.

மூலைகளில் லைனர் சுவரில் படியாமல் விறைத்து நிற்பதும், தரை முழுவதும் தொளதொளவென்று கிடப்பதும் அளவு தவறியதன் அறிகுறிகளாக இருக்கலாம்; அதை இழுத்துச் சரிசெய்ய இயலாது. பழைய லைனரையும் வற்புறுத்தி இழுக்காதீர்கள். விரலால் அழுத்தினால் வளையாமல் அட்டை போல விறைத்திருந்தால், அது கிழிந்துவிடும். அப்படிப்பட்ட மடிப்பை அப்படியே விட்டு, பாசி சேராதபடி மென்மையான பிரஷ்ஷால் வாரந்தோறும் மடிப்பின் நீளவாக்கில் தேய்த்து வாருங்கள்.