சைக்கிள் பயணத்துக்குப் போகும்போதே ரயில் ஏறிவிடுங்கள்

மதுரையிலிருந்து ஒருநாள் சைக்கிள் சுற்றுக்குக் கிளம்பினால், திரும்பும்போது ரயில் என்று வைக்காதீர்கள். காலையில் ரயிலில் சோழவந்தான் போய் இறங்கி, அங்கிருந்து வீட்டை நோக்கி மிதித்து வாருங்கள்.

சின்ன நிலையங்களில் நிற்கும் ரயில்கள் குறைவு. மாலை ரயிலைக் குறிவைத்து ஓட்டினால், கண் கடிகாரத்திலேயே இருக்கும். வீடு பார்த்து வரும்போது அந்த அவசரம் இல்லை. தென்கரைப் பக்கம் வைகை ஆற்றைக் கடந்து பார்த்துவிட்டு வரலாம், திருவேடகம் கோயிலிலும் நிற்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. வைகை மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. சோழவந்தான், திருவேடகம், மேலக்கால், துவரிமான், கோச்சடை என்று வரும் சாலையும் கிட்டத்தட்ட ஆற்றோடுதான் வருகிறது, அதனால் மொத்தத்தில் லேசான இறக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்றும் முதுகில் தள்ளும். திருவேடகத்துக்கு, சம்பந்தர் வைகையில் விட்டதாகச் சொல்லும் ஏடுதான் எதிர்நீச்சல் போட்டது, நாம் போட வேண்டியதில்லை. சுமார் 20 கிலோமீட்டர். வயலும் தென்னந்தோப்பும், தெற்கே நாகமலையும் கூடவே வரும். காலை வெயில் முகத்தில் அடிக்கும், தொப்பி அவசியம்.

இது மடக்கு சைக்கிளுக்குத்தான் சரிப்படும். சாதாரண சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது; பார்சலில் போட்டு எடுக்கும் நேரத்தில் மிதித்தே போய்விடலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்று எதிரே வரும், காற்றின் லாபம் கிடைக்காது. சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரைக்குள் சைக்கிளோடு நுழைவது பெரும்பாடு, அப்போது வேண்டாம்.