கைதட்டலைத் துடைத்துவிடாதீர்கள்: லைவ் ராக் எல்.பி.யை ஹை-ரெஸ்ஸாக மாற்றும்போது நடக்கும் தவறுகள்

1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 'தி ஹூ' ராக் குழு வாசித்தது எல்.பி. இசைத்தட்டாக வந்தபோது, நடு லேபிளிலேயே கையால் எழுதியிருந்தார்கள்: கரகர சத்தம் இருக்கும், சரிசெய்யாதே என்று. சேலத்தில் உட்கார்ந்து அதைப் படித்த பிறகும், தட்டை ஹை-ரெஸ் கோப்பாக (சிடியைவிட நுணுக்கமான டிஜிட்டல் பதிவாக) மாற்றும்போது நான் சரிசெய்தேன். கீறல் சத்தத்தை நீக்கும் மென்பொருள் வசதியான டீக்ளிக்கை முழுசாக ஏற்றிவிட்டேன். கரகரப்பு போயிற்று, கூட்டம் பஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்டு கைதட்டியது போலாகிவிட்டது. மென்பொருளுக்குக் கீறலும் ஒன்றுதான், கைதட்டலும் ஒன்றுதான். இரண்டுமே ஒலி அலையில் திடீரென எகிறும் கூர்முனை. ஸ்னேர் டிரம்மின் முதல் அடியையும் அப்படித்தான் தின்னும். பெரிய 'டக்' சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள். திருத்தாத கோப்பை அழிக்காதீர்கள்.

கழுவாமல் ஊசியை வைப்பது அடுத்த தவறு. ஏற்காட்டு ஈரத்தில் பெட்டியிலேயே கிடந்த தட்டில் பூஞ்சை பூத்திருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். போர் தண்ணீரும் வேண்டாம், உலர்ந்ததும் உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் போதும். (தாத்தாவின் 78 அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.)

ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) இல்லாமல் பதிந்தால் தகர டப்பா சத்தம்தான். தட்டில் பேஸைக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டியிருப்பார்கள்; அதைத் திருப்பிச் சரிசெய்வது ப்ரீஆம்ப்தான்.

பதிவு லெவலை (ஒலி அளவை) முதல் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். லைவில் கடைசிப் பாட்டில்தான் எல்லாம் வெடிக்கும். உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்கட்டும், 24 பிட்டில் இடம் தாராளம். டிஜிட்டலின் உச்சவரம்பான பூஜ்யத்தைத் தாண்டினால் அலை வெட்டுப்படும், மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) என் கணக்கில் வீண் பெருமை. 96-க்கே நிமிடத்துக்குச் சுமார் 35 எம்பி. சிடி தரத்தில் பதிந்ததை 96-ஆக ஊதிப் பெருக்கினால் கோப்புதான் பெருக்கும்.

நிசப்தம் பார்த்துத் தானாகப் பிரிக்கும் வசதி இங்கே உதவாது. கூட்டம் எங்கே வாயை மூடுகிறது? பாட்டு தொடங்கும் இடத்தில் கையால் வெட்டுங்கள், நடுவில் ஃபேட் (ஒலியை மெல்ல மங்கவிடுவது) வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு நார்மலைஸ் செய்தால் (உச்சத்தை ஒரே அளவுக்கு ஏற்றினால்) மெல்லிய பாட்டும் கத்தும்.

1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான டீப் பர்ப்பிள் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' இரட்டைத் தட்டில் நான்காம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, சுமார் 20 நிமிடம். மையத்தை நெருங்க நெருங்கச் சுற்று சிறுக்கும். ஊசி தேய்ந்திருந்தால் கடைசி ஐந்து நிமிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

பதியும்போது ஸ்பீக்கரை அலறவிடாதீர்கள், அதிர்வு ஊசிக்கே திரும்பி வரும். சனிக்கிழமை வீட்டில் கிரைண்டர் ஓடும்போது பதிந்த ஒரு பக்கம் என்னிடம் இருக்கிறது. டிரம் சோலோவுக்கு அடியில் இன்னும் இட்லி மாவு அரைபட்டுக்கொண்டிருக்கிறது.