கையடக்க எம்பி3 பிளேயர்: பாட்டை ஏற்றும் முன்பும் ஏற்றிய பின்பும்

கையடக்க டிஜிட்டல் மியூசிக் பிளேயரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். 'இசைக்கருவி' என்று எழுதினால் வீணையும் குழலும்தான் நினைவுக்கு வரும் என்பதால், எல்லோர் வாயிலும் பழகிவிட்ட 'பிளேயர்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். பெட்டியைப் பிரித்த கையோடு பாட்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு, தேடியது கிடைக்காமல் அலுத்துப்போய், சில வாரங்களில் பிளேயரையே இழுப்பறைக்குள் தள்ளிவிடுபவர்கள் பலர். நானும் என் முதல் பிளேயரில் ஏறத்தாழ இரண்டாயிரம் பாட்டுகளை ஒரே மூச்சில் ஏற்றினேன். திரையைத் திறந்தால் 'அறியப்படாத கலைஞர்' என்ற ஒற்றைப் பெயரின் கீழ் அத்தனையும் வரிசைகட்டி நின்றன. அதில் பிளேயரின் குற்றம் எதுவும் இல்லை. கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே அது படிக்கும். ஆகவே இங்கே பொத்தான்களைவிடக் கோப்புகளைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

பிளேயருக்குள் என்ன இருக்கிறது

1979ஆம் ஆண்டு சோனி வெளியிட்ட வாக்மேன், கேசட்டோடு பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. கேசட்டின் இடத்தை நினைவகச் சில்லு பிடித்தது 1998இல். அந்த ஆண்டு வந்த எம்பிமேன், ரியோ பிஎம்பி300 ஆகிய இரண்டிலும் இருந்த இடம் வெறும் 32 மெகாபைட், அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான இசை. 2001 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஐபாட் 5 ஜிபி வட்டுடன் ஆயிரம் பாட்டுகளைத் தாங்கியது. அந்த வரிசை 2022இல் நிறுத்தப்பட்ட பிறகும், தனிப் பிளேயர்களைப் பல நிறுவனங்கள் தொடர்ந்து தயாரித்து வருகின்றன.

இவை எல்லாவற்றிலும் வேலை நடக்கும் விதம் ஒன்றுதான். நினைவகத்தில் சுருக்கி வைக்கப்பட்ட கோப்பைச் செயலி விரித்துப் படிக்கிறது. கிடைக்கும் எண்களின் வரிசையை 'டாக்' என்னும் பகுதி மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலையைப் பெருக்கி ஒன்று உரமாக்கி ஹெட்ஃபோனுக்கு அனுப்புகிறது. கைப்பேசியும் இதையேதான் செய்கிறது என்றாலும், பாட்டின் நடுவே அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடாமல், இணையம் இல்லாத இடத்திலும் முழு ஆல்பத்தையும் கேட்க முடிவதற்காகவே நான் தனிப் பிளேயரை விரும்புகிறேன்.

படி 1: சார்ஜ் செய்து, கேபிளைச் சோதியுங்கள்

முதல் முறை முழுமையாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். பின்பு கணினியுடன் இணைத்துப் பாருங்கள். பிளேயரில் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினியில் எதுவும் தெரியவில்லை என்றால் பதற்றப்பட வேண்டியதில்லை. மின்சாரத்தை மட்டும் கடத்தி, தரவுக்கான கம்பிகள் இல்லாமல் செய்யப்பட்ட கேபிள்கள் ஏராளம். பெட்டியுடன் வந்த கேபிளை மாற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் தெரியவில்லை என்றால், பிளேயரின் அமைப்புகளில் யுஎஸ்பி என்ற பகுதிக்குச் சென்று, 'சார்ஜ் மட்டும்' என்றிருப்பதை 'சேமிப்பகம்' அல்லது 'எம்டிபி' என்று மாற்றுங்கள்.

படி 2: எந்த வகைக் கோப்பு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. ஒலித்தட்டில், அதாவது சிடியில், ஒரு விநாடி இசை 44,100 முறை அளவெடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட் வருகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று இப்படியே இருந்தால் சுமார் 53 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே விநாடிக்கு 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 12 மெகாபைட்டும், 128 கிலோபிட் ஆக்கினால் 5 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும்.

இவ்வளவு இடம் எங்கிருந்து மிச்சமாகிறது? ஓர் உரத்த ஒலி கேட்கும் அதே கணத்தில், அதற்கு அருகிலுள்ள சுருதியில் ஒலிக்கும் மெல்லிய ஒலியை நம் காது பிடிப்பதில்லை. எம்பி3 முறை இப்படிக் காதுக்கு எட்டாது எனக் கருதும் பகுதிகளை நுணுக்கம் குறைத்து எழுதுகிறது, சிலவற்றை அடியோடு விட்டுவிடுகிறது. ஃபிளாக் என்ற வகை அவ்வாறு எதையும் விடுவதில்லை. திரும்ப விரித்தால் மூலத்தில் இருந்த ஒவ்வொரு பிட்டும் அப்படியே கிடைக்கும், ஆனால் கோப்பின் அளவு மூலத்தில் பாதிக்கும் சற்று மேலாக இருக்கும். 64 ஜிபி கார்டு ஒன்றில் 320 கிலோபிட் எம்பி3 என்றால் ஐந்தாயிரம் பாட்டுகளும், ஃபிளாக் என்றால் ஏறத்தாழ இரண்டாயிரமும் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை இதுதான்: சொந்த ஒலித்தட்டிலிருந்து எடுப்பவற்றை ஃபிளாக் வடிவில் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், பிளேயருக்கு இடம் போதவில்லை என்றால் அதிலிருந்து 256 அல்லது 320 கிலோபிட் எம்பி3 எடுத்து ஏற்றுங்கள். பேச்சும் வாசிப்பும் மட்டுமே உள்ள கோப்புகளுக்கு 64 கிலோபிட் ஒற்றைத் தடம் போதும். ஆனால் 128 கிலோபிட் கோப்பை 320 ஆக மாற்றித் தரம் கூடிவிட்டதாக நம்பிவிடாதீர்கள். கறந்த பால் மடியேறாது. ஒரு முறை விட்டுப்போன ஒலி மறுபடி வருவதில்லை, கோப்பின் கனம் மட்டுமே கூடும்.

படி 3: டேக் எழுதுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தால் ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகும்; ஆக வேண்டும். ஒவ்வொரு பாட்டுக் கோப்பிலும் ஒலியோடு சேர்த்துத் தலைப்பு, கலைஞர், ஆல்பம், ஆல்பம் கலைஞர், தட எண், ஆண்டு, வகை ஆகிய விவரங்களை எழுதி வைக்க இடம் உண்டு. இவற்றைத்தான் டேக் என்கிறோம். கணினியில் எம்பி3டேக், கிட்3, மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் போன்ற இலவச மென்பொருள்களில் ஏதேனும் ஒன்றைத் திறந்து, ஓர் ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், பொதுவான விவரங்களை ஒரே தடவையில் நிரப்பிவிடலாம்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. பத்துப் பாட்டுள்ள ஒரு தொகுப்பைப் பத்துப் பேர் பாடியிருந்தால், சில பிளேயர்கள் அதைப் பத்துத் தனி ஆல்பங்களாகச் சிதறடித்துவிடும். 'ஆல்பம் கலைஞர்' என்ற கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரை, இசையமைப்பாளர் பெயரையோ 'பலர்' என்றோ எழுதினால் பத்தும் ஒன்றுசேரும். அடுத்தது எழுத்துக்கூட்டல். பெயரின் முதலெழுத்துக்குப் பின் ஒரு கோப்பில் புள்ளி வைத்து, மற்றொரு கோப்பில் புள்ளி இல்லாமல் இடைவெளி மட்டும் விட்டிருந்தால், நமக்கு ஒருவராகத் தெரிபவர் பிளேயருக்கு இரண்டு பேர். எந்த வடிவத்தில் எழுதுவது என்பதை முதல் நாளே தீர்மானித்து, ஒரு தாளில் குறித்துவைத்து, அதை விட்டு மாறாதீர்கள்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. டேக்கைப் பழைய முறையில் சேமித்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். ஆகவே மென்பொருளின் அமைப்பில் 'ஐடி3வி2.3' வகையையும் 'யுடிஎஃப்-16' குறியாக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தும் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்துரு இருந்தும் அதைக் கோக்கத் தெரியாத பிளேயர்களும் உண்டு: 'சோலை' என்று எழுதியிருப்போம், திரையிலோ சகரத்துக்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, ஐகாரக் குறியும் இடம் மாறி, வாசிக்கவே முடியாத உருவம் ஒன்று நிற்கும். எனவே இரண்டே பாட்டுகளுக்குத் தமிழில் டேக் எழுதி ஏற்றிப் பாருங்கள். ஒழுங்காகத் தெரிந்தால் முழுத் தொகுப்பையும் தமிழிலேயே எழுதுங்கள். தெரியாவிட்டால் மட்டும், மனமில்லாமல்தான் சொல்கிறேன், பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டைப் படம் சேர்க்க விரும்பினால், 500க்கு 500 புள்ளி அளவுள்ள சாதாரண ஜேபெக் படம் போதுமானது. 'புரொகிரசிவ்' வகையில் சேமித்த ஜேபெக் படங்களைச் சிறிய பிளேயர்கள் பல காட்டுவதில்லை.

படி 4: கோப்புறைகளை அடுக்குங்கள்

கலைஞர் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் ஆல்பத்துக்கு ஒன்று, அதற்குள் பாட்டுகள்; இதற்கு மேல் ஆழம் வேண்டாம். கோப்பின் பெயரை 01, 02, 03 என்று இரட்டை இலக்கத்தில் தொடங்குங்கள். வெறும் 1, 2, 3 என்று தொடங்கினால் எழுத்து வரிசைப்படி அடுக்கும் பிளேயர், முதல் பாட்டுக்கு அடுத்தபடியாகப் பத்தாவதையும் பதினொன்றாவதையும் பாடிவிட்டுத்தான் இரண்டாவதுக்கு வரும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றைக் கோப்புப் பெயரில் தவிர்த்துவிடுங்கள். கார்டின் கோப்பு முறை அவற்றை ஏற்காது.

படி 5: கார்டைத் தயார் செய்து நகலெடுங்கள்

பிளேயர் எத்தனை ஜிபி வரை தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே மைக்ரோ எஸ்டி கார்டு வாங்குங்கள். 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் 'ஃபேட்32' முறையிலும், அதற்கு மேற்பட்டவை 'எக்ஸ்ஃபேட்' முறையிலும் வருகின்றன; பழைய பிளேயர்கள் சில இரண்டாவதைப் படிப்பதில்லை. உறையில் 256 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே அதில் சிறு பங்கு மட்டுமே வைத்து விற்கும் போலிக் கார்டுகளும் உலவுகின்றன. அவற்றில் எல்லாம் ஏறியதுபோலவே தோன்றும், பாதிக்கு மேற்பட்ட பாட்டுகள் ஓடாது. கார்டை முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் இதை முதலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கார்டைப் பிளேயரில் போட்டு, பிளேயரின் அமைப்பிலிருந்தே ஃபார்மேட் செய்யுங்கள். பிறகு கணினியுடன் இணைத்துக் கோப்புறைகளை நகலெடுங்கள். நகல் முடிந்ததாகக் கணினி சொன்ன மறுநொடியே கேபிளைப் பிடுங்கிவிடக் கூடாது. எழுதும் வேலை பின்னணியில் இன்னும் நடந்துகொண்டிருக்கக்கூடும். அவசரத்தில் அப்படிப் பிடுங்கி, கார்டின் அட்டவணை சிதைந்து, ஒரு மாலை முழுவதும் செய்த வேலையை நான் மறுபடி செய்ய நேர்ந்தது. 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்தி, அனுமதி வந்த பிறகே கழற்றுங்கள்.

ஏற்றிய பாட்டுகள் பட்டியலில் தென்படவில்லை என்றால் பிளேயரின் அமைப்பில் 'நூலகத்தைப் புதுப்பி' என்ற பொருள்படும் கட்டளையை அழுத்துங்கள். பிளேயர் ஒவ்வொரு முறையும் கார்டு முழுவதையும் படிப்பதில்லை. ஒரு முறை படித்துத் தயாரித்த அட்டவணையைத்தான் காட்டுகிறது.

படி 6: ஹெட்ஃபோனும் ஒலியளவும்

காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களில் பெரும்பாலானவை 16 முதல் 32 ஓம் வரையான தடை கொண்டவை. எந்தப் பிளேயரும் அவற்றை எளிதில் இயக்கும். 300 ஓம் ஹெட்ஃபோனைச் சிறு பிளேயரில் செருகினால் ஒலி சோர்ந்துதான் வரும். தாழ்சுருதி மெலிந்திருப்பதாகத் தோன்றினால் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை உடனே தொடாதீர்கள்; முதலில் இயர்ஃபோனின் ரப்பர் முனையை வேறு அளவுக்கு மாற்றிப் பாருங்கள். காதுத் துளையில் அது சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்தால், தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். ஈக்வலைசர் அவசியம் என்றால், வேண்டியதைக் கூட்டுவதைவிட வேண்டாததைக் குறைப்பது நல்லது. கூட்டிக்கொண்டே போனால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரப்பு எழும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் பயன்படுத்தினால், பாட்டு காற்றில் செல்லும் முன் மறுபடி ஒரு முறை சுருக்கப்படுவது வழக்கம். ஃபிளாக் கோப்பின் முழுப் பயனும் வேண்டுமானால் கேபிளுடன் கூடிய ஹெட்ஃபோனைச் செருகுங்கள்.

ஒலியளவைப் பற்றி அக்கறையோடு ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் எல்லையாக வைத்திருக்கிறது. 90 டெசிபல் ஆனால் அந்த நேரம் வாரத்துக்கு 4 மணியாகச் சுருங்கிவிடுகிறது. பிளேயரில் உச்ச ஒலியளவுக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அமைதியான அறையில் அமர்ந்து அதை அமைத்துவிடுங்கள், ஏனென்றால் இரைச்சலுக்கு நடுவே நம் கை தானாகவே ஒலியைக் கூட்டும். கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் எழுந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

படி 7: மூலத்தைக் கணினியில் வைத்திருங்கள்

பல வாரம் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைப் பாதியளவு சார்ஜுடன் நிறுத்தி, வெப்பம் படாத இடத்தில் வையுங்கள். பாட்டுகளைப் பொறுத்தவரை, பிளேயரில் இருப்பது நகல் மட்டுமே. மூலத் தொகுப்பு கணினியிலும், அதன் பிரதி ஒரு தனி வட்டிலும் இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தலைப்பில் ஒற்று விட்டுப்போனதோ, லகர ளகரம் மாறியதோ கண்ணில் பட்டால் அங்கேயே பிளேயரில் திருத்தாமல் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கணினியில் உள்ள மூலக் கோப்பைத் திருத்தி, அதையே மீண்டும் பிளேயருக்கு நகலெடுங்கள்.