வளவில் ஷிரோயாமா: 1877 போரைக் களிமண்ணில் அமைக்கும் முறை

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, 1877 செப்டம்பர் 24 அன்று ஜப்பானின் ககோஷிமா நகரில் அரசை எதிர்த்த சாமுராய்கள் (பரம்பரைப் போர்வீரர்கள்) தோற்று முடிந்த கடைசிப் போரை வாயால் சொல்வதைவிட வளவில் அமைத்துக் காட்டினால் மனத்தில் நிற்கும். ஆத்தங்குடிக் கல்லில் கறை படியாதிருக்க முதலில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

போர் நடந்த ஷிரோயாமா 107 மீட்டர் உயரக் குன்று. 10 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என வைத்து, ஊருணிக் களிமண்ணை 11 சென்டிமீட்டருக்குக் குவித்தால் போதும். கிழக்கே நகரம், அதற்கப்பால் நீலத் தாளில் விரிகுடா, அதில் அரசின் போர்க்கப்பல்கள். எதிரிலுள்ள சகுராஜிமா எரிமலையை இதே அளவில் கட்டினால் 1 மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால் சிறிதாகவே வையுங்கள்.

ஆட்களை வைக்கும் முன் குன்றைச் சுற்றி அகழி வெட்டி, ஈர்க்குச்சிகளால் வேலி நடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆகஸ்டில் எனோதாக்கே மலையில் சூழப்பட்டும் சாமுராய்களின் தலைவர் சைகோ தகமோரியின் படை நழுவிச் சென்றுவிட்டதால்தான், அரசுப் படைத் தளபதி யமகட்டா அரிடோமோ இம்முறை தாக்குவதற்கு முன் வழியையெல்லாம் அடைத்தார். அந்தப் பொறுமைதான் போரை முடித்தது.

இப்போது ஆச்சியிடம் பல்லாங்குழிச் சோழிகளைக் கேட்டு வாங்குங்கள். நூறு பேருக்கு ஒரு காய் என்ற கணக்கில், அரசுப் படையின் சுமார் 30,000 பேருக்கு 300 புளியங்கொட்டை. குன்றின் மேல் இருந்த சுமார் 500 பேருக்கு 5 சோழி. முந்நூறையும் பிள்ளைகளே எண்ணி அடுக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

சாமுராய்கள் அரசை எதிர்த்து ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1876இல் வாள் அணியத் தடை வந்ததையும், பரம்பரை மானியம் நிறுத்தப்பட்டுக் கடன்பத்திரமாக மாற்றப்பட்டதையும் சொல்லுங்கள். வாளை மட்டும் நம்பிப் போரிட்டார்கள் என்று சொல்லிவிட வேண்டாம்: அவர்களிடம் துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தன, தோட்டா தீர்ந்துபோயிற்று.

போருக்கு முந்திய நாள் சரணடையக் கோரி யமகட்டா எழுதிய கடிதத்துக்குச் சைகோ பதில் தரவில்லை. விடியுமுன் 4 மணியளவில் தாக்குதல் தொடங்கியதைக் காட்ட, புளியங்கொட்டைகளை எல்லாப் பக்கமிருந்தும் மேலே நகர்த்தி, சோழிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். இறுதியில் சைகோவுடன் இறங்கியவர்கள் ஏறத்தாழ 40 பேர். அது ஒரு சோழியில் பாதிகூட இல்லை. ஆகவே சைகோவுக்கென ஒரேயொரு சோழியை, உச்சியில் அல்லாமல், அவர் குண்டடிபட்டு விழுந்து தோழர் பெப்பு ஷின்சுகேயின் வாளால் தலை துணிக்கப்பட்ட அந்த இறங்குபாதையில் வையுங்கள்.