மேலாளரின் பதவிநீக்கத்தை விவாதிக்கும்போது கால்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே 21 அன்று பில்பாவோவில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்ற கணக்கில் வென்ற டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர், 2008-க்குப் பிறகு தனது முதல் கோப்பையைப் பெற்றது. பதினாறு நாள்கள் கழித்து, ஜூன் 6 அன்று, அந்தக் கோப்பையை வென்று தந்த மேலாளர் ஆஞ்ச் போஸ்டகோக்லு பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே சீசனில் அவருடைய அணி இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களில் 22-இல் தோற்று, 38 புள்ளிகளுடன் 17-ஆம் இடத்தில், அதாவது தரமிறக்கப்படும் மூன்று இடங்களுக்குச் சற்று மேலே நின்றது. பதினேழு ஆண்டு வறட்சியைத் தீர்த்தவரை நீக்கியது நன்றிகெட்ட செயல் என்று ஒரு தரப்பும், 22 தோல்விகளுக்குப் பிறகும் ஒருவரை வைத்திருப்பது பொறுப்பற்ற செயல் என்று மறுதரப்பும் வாதிட்டன. இரு தரப்பும் காட்டிய விவரங்கள் சரியானவை. ஆனாலும் அந்த விவாதம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அப்படி நகராமல் போவதற்குச் சில தவறுகள் காரணமாகின்றன. அவை டாட்டன்ஹாமுக்கு மட்டும் உரியவை அல்ல.

இரண்டு கேள்விகளை ஒன்றாக்குவது

இவற்றுள் மிகப் பெரிய தவறாக நான் கருதுவது, 'இவர் வெற்றி பெற்றாரா?' என்ற கேள்வியையும் 'இவர் தொடர வேண்டுமா?' என்ற கேள்வியையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்வது. முதல் கேள்வி நடந்து முடிந்ததைப் பற்றியது. அதற்கான விடையில் நன்றிக்கும் நினைவுக்கும் இடமுண்டு. இரண்டாவது கேள்வி நடக்கப்போவதைப் பற்றியது. இதே வீரர்களோடும் இதே வருவாயோடும் அடுத்த நாற்பது, ஐம்பது ஆட்டங்களை இவரைவிட வேறொருவர் நன்றாக நடத்துவாரா என்பதே அதன் பொருள். முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் ஒருவர் ஒரே மூச்சில் சொல்ல முடியும். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

டாட்டன்ஹாம் நிர்வாகம் தன் முடிவை விளக்கியபோது, அந்த வெற்றி தந்த உணர்ச்சியை வைத்து முடிவெடுக்க முடியாது என்று கூறி, கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளிகளே கிடைத்தன என்பதைச் சுட்டிக்காட்டியது. இந்த எண் உண்மையானது. ஆனால் அது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். போஸ்டகோக்லுவின் முதல் பத்து லீக் ஆட்டங்களில் அணி 26 புள்ளிகளைப் பெற்றிருந்தது. அந்தப் பத்தை ஒதுக்கிவிட்டுத்தான் நிர்வாகம் எண்ணியது. ஒதுக்கியதற்கு நியாயமும் இருக்கலாம், ஏனெனில் அந்தத் தொடக்க வேகம் பிறகு திரும்பி வரவே இல்லை. ஆனால் மறுபக்கத்தில், 2024-25 சீசனில் மைய தற்காப்பு வீரர்கள் ரொமேரோவும் வான் டே வெனும் கோல்காப்பாளர் விகாரியோவும் காயத்தால் நீண்ட காலம் ஆடவில்லை என்பதும், இறுதி மாதங்களில் அணி தன் வலுவை யூரோப்பா லீக்குக்காகவே சேமித்தது என்பதும் அந்த எண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றன. எதிர்காலத்தைப் பற்றிய கேள்விக்கு இந்த விவரங்கள்தான் தேவை. கோப்பையைத் திரும்பத் திரும்பச் சுட்டுவதும், 22 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்வதாகும்.

ஓராண்டுக்கு முன்பு மான்செஸ்டர் யுனைடெட் இதே நிலையில் நேர்மாறாக முடிவெடுத்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2023-24 சீசனில் லீக்கில் 8-ஆம் இடம் பிடித்த மேலாளர் எரிக் டென் ஹாக், இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை வென்றார். நிர்வாகம் ஆராய்ந்து பார்த்து அவரைத் தொடரச் செய்ததோடு ஒப்பந்தத்தையும் நீட்டித்தது. அவருக்கு ஏற்ற வீரர்கள் கோடையில் வாங்கப்பட்டார்கள். அக்டோபர் 28 அன்று, அணி 14-ஆம் இடத்தில் இருந்தபோது, அவர் நீக்கப்பட்டார். கோப்பையை எதிர்காலத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டால் என்ன நேரலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அவருக்குப் பின் வந்த ரூபன் அமோரிமின்கீழ் அந்த சீசன் 15-ஆம் இடத்தில் முடிந்தது என்பதால், நீக்கியதே தீர்வாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது

ஒரு மேலாளரைப் பிடித்தவர்கள் அவர் எதில் சிறந்தாரோ அதையே வெற்றி என்கிறார்கள். பிடிக்காதவர்கள் அவர் எதில் தவறினாரோ அதையே வெற்றி என்கிறார்கள். தங்கள் நீண்டகால மேலாளர் ஆர்சென் வெங்கரைப் பற்றி ஆர்சனல் ரசிகர்கள் நடத்திய நீண்ட வாக்குவாதத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. 2006-இல் புதிய எமிரேட்ஸ் மைதானத்துக்குக் குடிபெயர்ந்த கிளப், கட்டுமானக் கடனைச் சுமந்துகொண்டே ஆண்டுதோறும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்து, அந்த இடங்கள் தகுதி தரும் ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் வருவாயைத் தக்கவைத்தது. ஆனால் 2005-க்கும் 2014-க்கும் இடையில் ஒரு கோப்பையையும் வெல்லவில்லை. அந்த ஆண்டுகளில் 'நான்காம் இடம் கோப்பை ஆகாது' என்பதே விமர்சனமாக இருந்தது. 2017-இல் எஃப்.ஏ. கோப்பை வந்தது, ஆனால் லீக்கில் 5-ஆம் இடம். இப்போது சாம்பியன்ஸ் லீக் இடம் போனதே பெருங்குறையாகிவிட்டது. இரண்டு விமர்சனங்களும் தனித்தனியே நியாயமானவைதாம். ஒருவரே இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும்போதுதான், அவர் அளவுகோலால் அளக்கவில்லை, முன்பே எடுத்த தீர்ப்புக்குச் சான்று தேடுகிறார் என்பது புலப்படுகிறது.

சீசன் தொடங்கும் முன்பே, 'இந்த அணிக்கு, இந்த ஆண்டு, எது போதும்?' என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு விடையை வைத்துக்கொள்வது இதற்கு நல்ல மாற்று. அந்த விடை கிளப்புக்குக் கிளப் மாறும். 2023-24 சீசனுக்கும் 2024-25 சீசனுக்கும் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்து வந்த மூன்று அணிகளும் அந்தந்த சீசன் முடிவிலேயே இறங்கிவிட்டன. அப்படிப்பட்ட சூழலில் புதிதாக ஏறிய அணிக்கு 17-ஆம் இடம் பெரிய சாதனை. அதே 17-ஆம் இடம் டாட்டன்ஹாமுக்குச் சரிவு.

பணத்தை மறந்து இடத்தை மட்டும் பார்ப்பது

விளையாட்டுப் பொருளியலாளர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கி ஆங்கிலேய கிளப்புகளின் கணக்குகளை ஆராய்ந்து, நீண்ட காலச் சராசரியில் ஓர் அணியின் லீக் இடத்தை அது வீரர்களுக்குக் கொடுக்கும் ஊதியமே பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது என்று காட்டியிருக்கிறார். ஆகவே, ஊதியப் பட்டியலில் பன்னிரண்டாவதாக இருக்கும் கிளப்பை எட்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தவர், இரண்டாவதாக இருக்கும் கிளப்பை நான்காம் இடத்தில் நிறுத்தியவரைவிடச் சிறப்பாகச் செயல்பட்டிருக்கக்கூடும். ஒற்றை சீசனில் காயமும் அதிர்ஷ்டமும் இந்தத் தொடர்பைக் குலைக்கும் என்பதால் அதை விதியாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் மேலாளரை எடைபோடும் பேச்சை ஊதியத்தில் தொடங்குவது நல்லது.

சரிவுக்குப் பின் வரும் மீட்சியைப் புதியவரின் கணக்கில் எழுதுவது

மேலாளர்கள் பெரும்பாலும் அணி மிக மோசமாக ஆடும் நேரத்தில்தான் நீக்கப்படுகிறார்கள். மிக மோசமான நிலையில் இருக்கும் எந்த அணியும், யார் பொறுப்பேற்றாலும், அடுத்த சில வாரங்களில் தன் வழக்கமான நிலைக்கு ஓரளவு திரும்பும். இதைச் சோதித்தவர் நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல். 1986 முதல் 2004 வரையிலான டச்சு முதல்நிலை லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, சரிவின்போது பயிற்சியாளரை மாற்றிய கிளப்புகளை, அதே அளவு சரிந்தும் மாற்றாத கிளப்புகளோடு அவர் ஒப்பிட்டார். மாற்றியவை மீண்டன, மாற்றாதவையும் மீண்டன, மாற்றியதால் கூடுதல் பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இதை மனத்தில் வைத்து கிளாடியோ ரனியேரியின் நீக்கத்தைப் பார்க்கலாம். 2015-16-இல் லெஸ்டர் சிட்டியை 81 புள்ளிகளோடு பட்டம் வெல்லச் செய்தவர், 2017 பிப்ரவரி 23 அன்று, அணி தரமிறக்க இடங்களுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே இருந்தபோது நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் தம் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார்; அணி 12-ஆம் இடத்தில் முடித்தது. இதைக் காட்டி நீக்கம் சரியென்று முடித்துவிடுபவர்கள் அவசரப்படுகிறார்கள், ஏனெனில் ரனியேரி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அந்த ஐந்து வெற்றிகள் சான்றல்ல. அதேசமயம், 2017 பிறந்ததிலிருந்து அதுவரை லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காத அணி ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை.

மாறாக, முடிவுகள் மோசமாக இருந்தும் ஆட்டம் மோசமாக இல்லாத காலமும் உண்டு. யூர்கன் கிளாப்பின் பொருசியா டார்ட்மண்ட் 2015 பிப்ரவரித் தொடக்கத்தில் ஜெர்மன் லீக்கின் கடைசி இடத்தில் இருந்தது. உருவாக்கிய, விட்டுக்கொடுத்த வாய்ப்புகளின் தரத்தைக் கணக்கிடும் 'எதிர்பார்க்கப்படும் கோல்கள்' என்ற அளவையில் பார்த்தவர்களுக்கு அந்த அணி அவ்வளவு தாழ்ந்ததாகத் தெரியவில்லை. சீசன் முடிவில் அது 7-ஆம் இடத்துக்கு ஏறியது. நான்கு, ஐந்து தோல்விகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் முன் இத்தகைய அளவைகளைப் பார்ப்பது கடினமான வேலையல்ல.

ஃபெர்குசனின் பெயரைச் சொல்லி எல்லாப் பொறுமையையும் நியாயப்படுத்துவது

அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளராகப் பொறுப்பேற்றார். முதல் நான்கு சீசன்களில் யுனைடெட் லீக்கில் பிடித்த இடங்கள் 11, 2, 11, 13. முதல் கோப்பை 1990-இல் வந்தது, முதல் லீக் பட்டம் 1993-இல் வந்தது, மொத்தம் 13 லீக் பட்டங்கள் கிடைத்தன. எந்த மேலாளர் தடுமாறினாலும் இந்தக் கதை எடுத்து வைக்கப்படுகிறது. பொறுமை காட்டப்பட்டு ஒன்றும் விளையாமல் போனவர்களின் பெயர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதால், நினைவில் இருக்கும் ஒரு பெயர் பொறுமையின் பலனை மிகைப்படுத்திக் காட்டுகிறது. ஃபெர்குசனுக்குக் கிடைத்த அவகாசத்துக்குக் காரணம் இருந்தது: இளைஞர் அணிகளையும் திறன் தேடும் அமைப்பையும் அவர் அடியோடு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். மிக்கெல் ஆர்டெட்டாவின்கீழ் ஆர்சனல் இரண்டு முறை 8-ஆம் இடம் பிடித்து, 2021-22-ஐ மூன்று தோல்விகளோடும் ஒரு கோல்கூட இல்லாமலும் தொடங்கியபோது, அங்கும் வயது குறைந்து வரும் ஓர் அணி கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு 2023 முதல் 2025 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அது இரண்டாம் இடம் பிடித்தது. பொறுமை வேண்டும் என்று வாதிடுபவர் எதை நம்பிப் பொறுக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாவிட்டால் அந்த வாதம் நிற்காது.

எப்போது பார்க்கிறோம் என்பதும் தீர்ப்பை மாற்றும். பிரைட்டனை 2017-இல் மேல் லீக்குக்கு உயர்த்தி இரண்டு முறை தரமிறக்கத்திலிருந்து காப்பாற்றிய கிறிஸ் ஹியூட்டன் 2019 மே மாதம், 17-ஆம் இடத்தோடு நீக்கப்பட்டார். அடுத்து வந்த கிரஹாம் பாட்டரின் முதல் இரண்டு சீசன்கள் 15, 16 என்றே முடிந்தன. 2021-இல் கேட்டிருந்தால் அந்த நீக்கத்தால் பெரிய லாபம் இல்லை என்றே பலரும் சொல்லியிருப்பார்கள். மூன்றாம் சீசனில் 9-ஆம் இடம் வந்தது. ராபர்ட்டோ டி செர்பியின்கீழ் 2023-இல் 6-ஆம் இடமும், கிளப்பின் வரலாற்றில் முதல் ஐரோப்பியத் தகுதியும் வந்தன. ஆயினும் ஹியூட்டன் தோற்றவர் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அவரிடம் கேட்கப்பட்டது பிழைத்திருப்பது, அதை அவர் செய்துகாட்டினார்.

மேலாளரோடு விவாதத்தை நிறுத்திக்கொள்வது

வீரர்களை வாங்குவது, விற்பது, ஊதிய வரம்பை வகுப்பது, மேலாளரையே தேர்ந்தெடுப்பது ஆகிய அனைத்தும் இன்று பெரும்பாலான பெரிய கிளப்புகளில் விளையாட்டு இயக்குநரும் நிர்வாகக் குழுவும் சேர்ந்து செய்பவை. ரியல் மாட்ரிட் இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை வென்று தந்த விசென்டே டெல் போஸ்கேயை 2003-இல், லீக் பட்டம் வென்ற மறுநாளே போகவிட்டது. அடுத்த லீக் பட்டத்துக்கு அது 2007 வரை காத்திருந்தது. அந்த வறட்சியை முழுவதும் அவருடைய விலகலின் விளைவாகச் சொல்வது வழக்கம். ஆனால் அதே கோடையில்தான் நடுக்களத்தைத் தாங்கிய கிளாட் மாக்கெலேலேயும் செல்சிக்கு விற்கப்பட்டார், அதை முடிவு செய்தவர்களும் அதே நிர்வாகத்தினர்.

பயர்ன் மூனிச் 2023 மார்ச்சில், பட்டப் போட்டியில் ஒரு புள்ளி மட்டுமே பின்தங்கியிருந்தபோது, யூலியன் நாகெல்ஸ்மானை நீக்கி தாமஸ் டுஹெலை அழைத்து வந்தது. அதற்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக்கும் ஜெர்மன் கோப்பையும் கைவிட்டுப் போயின. கடைசி நாளான மே 27 அன்று டார்ட்மண்ட் மைன்ஸோடு 2-2 என்று சமன் செய்ததாலும், 89-ஆவது நிமிடத்தில் முசியாலா அடித்த கோலாலும் லீக் பட்டம் கிடைத்தது. அன்றே, பட்டம் வென்ற அன்றே, நாகெல்ஸ்மானை நீக்கும் முடிவை எடுத்த தலைமை நிர்வாகி ஆலிவர் கானையும் விளையாட்டு இயக்குநர் ஹசன் சாலிஹமிட்சிச்சையும் கிளப் பதவியிலிருந்து விலக்கியது.